இரவு பன்னிரண்டரை ஆட்டத்துக்கு ஒரு வழித்துணை: கொங்கு நாட்டின் புதிய கால்பந்து ரசிகர்களுக்கு

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருப்பூரில் எங்கள் தெருமுனை பேக்கரியில் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தோம். கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எழுபத்தொன்பது நிமிடம் வரை 2-0 என்று அர்ஜென்டினா முன்னிலை. ஆட்டம் முடிந்த கதைதான் என்று டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன். எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத்துக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த 97 விநாடிக்குள் பிரான்சின் எம்பாப்பே இரண்டு கோல் போட்டுவிட்டார். கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று. 3-3. பெனால்டி உதைகளில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அதுவரை எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான். அன்று அந்தத் தையல்காரர் சொன்ன ஒரு வரியை இன்றும் வைத்திருக்கிறேன்: “அண்ணா, பந்தைப் பார்க்காதீர்கள். பந்து இல்லாதவன் எங்கே ஓடுகிறான் என்று பாருங்கள்.” இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரியின் விரிவுதான். இப்போது பனியன் கம்பெனியிலும் மில்லிலும் கல்லூரி விடுதியிலும் “எங்கிருந்து ஆரம்பிப்பது?” என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா ஆட்டத்தையும் பார்க்கலாம் என்று இறங்கினால் நான்காம் நாள் சலித்துவிடும். 2026 உலகக் கோப்பையில் மொத்தம் 104 ஆட்டங்கள். ஒரு மனிதரால் முடிகிற காரியம் அல்ல. ஆகவே சொந்தமாக ஓர் அணி வேண்டும்.

நான் சொல்வது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, கோப்பையை வெல்லும் தகுதி உள்ள அணி. இதுவரை எட்டு நாடுகள்தான் ஆண்கள் உலகக் கோப்பையை வென்றிருக்கின்றன: பிரேசில் 5 முறை, ஜெர்மனியும் இத்தாலியும் தலா 4, அர்ஜென்டினா 3, உருகுவேயும் பிரான்சும் தலா 2, இங்கிலாந்தும் ஸ்பெயினும் தலா ஒரு முறை. இவற்றில் போட்டியில் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கடைசி வாரம் வரை ஆர்வம் குறையாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத சிறிய அணி. கால்பந்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2026 போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்ற நான்கு நாடுகள் கேப் வெர்ட், குராசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான். கரீபியன் தீவான குராசாவின் மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். ஈரோடு மாநகராட்சியில் வாழ்பவர்களைவிடக் குறைவு. உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றவற்றில் மக்கள்தொகையில் மிகச் சிறிய நாடு அதுதான். அந்தத் தீவின் பெயரை ஒரு முறை உச்சரித்துப் பாருங்கள். அவர்களுடைய முதல் ஆட்டத்தில் உங்களையறியாமல் கை தட்டுவீர்கள். 2022-இல் மொராக்கோ அரையிறுதி வரை சென்று, அந்தப் படியைத் தொட்ட முதல் ஆப்பிரிக்க நாடானது. அந்த வாரம் கோவையில் மொராக்கோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு வீரரை மட்டும் பிடித்துக்கொண்டு ஓர் அணிக்குள் நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீரர் காயம்பட்டால், ஓய்வு பெற்றால், உங்கள் ஆர்வமும் அவரோடு போய்விடும். அணியைப் பிடித்தால் வீரர்கள் வந்து போவார்கள், நீங்கள் இருப்பீர்கள்.

போட்டியின் கட்டமைப்பு

1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் ஆடியவை 13 அணிகள். 2022-இல் 32. 2026 முதல் 48. நான்கு நான்காகப் பன்னிரண்டு குழுக்கள். ஒவ்வோர் அணிக்கும் குழுவுக்குள் மூன்று ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. குழுவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் மேலே போவார்கள். மூன்றாம் இடம் பிடித்த பன்னிரண்டு அணிகளில் சிறந்த எட்டும் மேலே போகும். அதன்பிறகு 32 அணிகள், தோற்றால் வீடு. கோப்பையைத் தூக்கும் அணி எட்டு ஆட்டங்கள் ஆடியிருக்கும்.

இதில் புதியவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. குழுவின் மூன்றாவது சுற்று ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கும். தொலைக்காட்சியில் ஒன்றைப் போட்டுக் கைப்பேசியில் இன்னொன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் 1982. ஸ்பெயினில் ஹிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடிய கடைசிக் குழு ஆட்டம் அது. ஜெர்மனி 1-0 என்று வென்றால் இருவரும் மேலே போகலாம், முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியேறும் என்று இரு அணிகளுக்கும் தெரிந்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனி கோல் போட்டது. மிச்ச நேரம் முழுவதும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். உலகமே காறித் துப்பியது. 1986 முதல் கடைசிக் குழு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

சின்னச் சின்னக் கணக்குகளும் இங்கே உயிரை எடுக்கும். 2018-இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம் (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது), போட்ட கோல், நேருக்கு நேர் முடிவு எல்லாவற்றிலும் சமமாக நின்றன. நடுவர் எச்சரிக்கையாகக் காட்டும் மஞ்சள் அட்டையைக் குறைவாக வாங்கியிருந்ததால் ஜப்பான் மேலே போனது. ஆகவே நடுவர் அட்டையைத் தூக்கும்போது “போனால் போகிறது” என்று இருந்துவிடாதீர்கள்.

கடிகாரத்தைச் சரி செய்யுங்கள்

2026 போட்டிக்கு அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து களம் தருகின்றன. அட்டவணை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. அங்கே பகல் என்றால் நமக்கு இரவு. ஒரு தாளில் இதை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்: நியூயார்க், பாஸ்டன், மயாமி, அட்லாண்டா, டொரன்டோ ஆகிய இடங்களின் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். டல்லஸ், ஹூஸ்டன், கான்சாஸ் சிட்டி என்றால் பத்தரை. மெக்சிகோ நகரங்களுக்குப் பதினொன்றரை. லாஸ் ஏஞ்சலிஸ், சியாட்டில், வான்கூவர் என்றால் பன்னிரண்டரை. இறுதி ஆட்டம் நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சியில் பிற்பகல் 3 மணிக்கு. நமக்கு ஞாயிறு இரவு கடந்து திங்கள் 12.30. சேலம், நாமக்கல் பக்கத்தில் ஆடி பிறந்து தேங்காய் சுடும் நோம்பி முடிந்த ஓரிரு நாளில் வருகிறது.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்பதை உங்கள் வேலை நேரம் தீர்மானிக்கட்டும். மில்லில் இரண்டாவது ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வெளியே வருபவருக்குப் பன்னிரண்டரை ஆட்டம் வாய்த்தது. காலையில் எட்டரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மேற்குக் கடற்கரை ஆட்டங்களை வைத்துக்கொள்ளலாம். அவற்றில் சில விடிகாலையிலோ காலை ஆறேழு மணிக்கோ வரும். வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் விழித்திருக்காதீர்கள். கத்தரி எந்திரத்திலும் தறியிலும் நிற்பவர்களுக்குத் தூக்கக் கலக்கம் விரலோடு விளையாடும். இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, வேண்டிக்கொள்கிறேன்.

எந்தச் சேனல், எந்தச் செயலி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். 2022-இல் ஜியோசினிமாவில் கட்டணமின்றிப் பார்த்தோம் என்பதற்காக ஒவ்வொரு முறையும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே உரிமை யாரிடம் என்று பார்த்துவிடுங்கள். இன்னொன்று: கைப்பேசியில் வரும் நேரலை, கேபிள் ஒளிபரப்பைவிடச் சில விநாடிகள் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டுக் கூச்சல் கேட்டபிறகு உங்கள் திரையில் கோல் விழும். அந்த வருத்தம் வேண்டாம் என்றால் நண்பர்கள் குழுவின் அறிவிப்புகளையாவது அணைத்து வையுங்கள்.

விதிகளில் முதலில் வேண்டியவை

பதினேழு விதிகள் இருக்கின்றன. எல்லாம் இப்போது வேண்டாம்.

நாற்பத்தைந்து நிமிடம், பதினைந்து நிமிட இடைவேளை, மீண்டும் நாற்பத்தைந்து. கடிகாரம் நிற்காது. காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம் இவற்றில் வீணான நேரத்தை நடுவர் கடைசியில் கூட்டித் தருவார். 2022-இல் இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் இரு பாதியிலும் சேர்த்து இப்படி இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் கூடியது. ஆகவே தொண்ணூறாவது நிமிடத்தில் எழுந்திருக்காதீர்கள். தோற்றால் வீடு என்ற சுற்றுகளில் சமன் ஆனால் கூடுதலாக முப்பது நிமிடம், பிறகு பெனால்டி உதைகள். பெனால்டிப் புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அதைக் காக்க ஒரே ஆள். இரண்டு மஞ்சள் அட்டை ஒரு சிவப்பு. சிவப்பு வாங்கியவருக்கு மாற்று ஆள் கிடையாது, பத்துப் பேரோடு ஆட வேண்டும்.

இனி ஆஃப்சைடு. புதியவர்களை விரட்டி அடிப்பது இந்த ஒன்றுதான். அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்வோம்.

எனக்கு இதைப் பேக்கரி மேசையில் டீ கிளாஸ்களை வைத்துத்தான் விளக்கினார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். மேசையின் ஒரு விளிம்பு கோல் கோடு. அதை ஒட்டி ஒரு கிளாஸ், அது கோல்கீப்பர். ஒரு சாண் தள்ளி இன்னொரு கிளாஸ், அது கடைசித் தடுப்பாட்டக்காரர். இப்போது உங்கள் முன்கள வீரராக ஒரு தேங்காய் பன் துண்டு. சக வீரர் பந்தை உதைத்துவிடும் அந்த நொடியில், பன் துண்டு அந்த இரண்டாவது கிளாஸைத் தாண்டிக் கோல் பக்கமாக நின்றால் ஆஃப்சைடு. கிளாஸுக்கு இணையாகவோ பின்னாலோ நின்றால் சரி. பந்தே அவரைவிட முன்னால் இருந்தாலும் சரி. தன் சொந்தப் பாதிக்குள் நிற்பவருக்கு ஆஃப்சைடு இல்லை. எல்லைக் கோட்டிலிருந்து கையால் எறியும்போதும் கார்னர் உதையிலும் கோல் கிக்கிலும் இல்லை.

இப்போது முக்கியமான செய்தி: அந்த இரண்டாவது கிளாஸ் நகரும். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் முன்னால் ஏறினால், எதிரணி முன்கள வீரர்கள் நின்ற இடத்திலேயே ஆஃப்சைடு ஆகிவிடுவார்கள். 2022-இல் அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சவூதி அரேபியா செய்தது இதைத்தான். முதல் பாதியில் அர்ஜென்டினா பந்தை மூன்று முறை வலைக்குள் அனுப்பியும் மூன்றும் ஆஃப்சைடு என்று ரத்தாயின. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஐந்து நிமிட இடைவெளியில் சவூதி இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றது. பிறகு கோப்பையையே வென்ற அணி அந்தத் தொடரில் தோற்ற ஒரே ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் சுருக்கக் காட்சியை ஒரு முறை தேடிப் பாருங்கள். விதிப் புத்தகம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கண்ணைப் பழக்குங்கள்

கிரிக்கெட்டில் பந்தைப் பார்த்தால் போதும், ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. கால்பந்தில் ஒருவர் காலில் பந்து இருக்கும்போது மற்ற இருபத்தொரு பேரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பழக ஒரு பயிற்சி: முதல் பத்து நிமிடம் வழக்கம்போலப் பாருங்கள். அடுத்த பத்து நிமிடம் ஒரே ஒரு நடுக்கள வீரரை மட்டும் பாருங்கள். ஸ்பெயின் ஆட்டம் என்றால் ரோட்ரி நல்ல பாடம். பந்து வருவதற்கு முன்பே அவர் தலையைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிடுவார். வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை. பிறகு பத்து நிமிடம் தடுப்பாட்டக்காரர்களின் வரிசையைப் பாருங்கள், கயிறு கட்டியதுபோல ஏறி இறங்குகிறதா என்று. அதன்பிறகு விங்கர் எனப்படும் பக்கவாட்டு முன்கள வீரர் எதற்காக ஓரத்தில் தனியாக, பந்தே வராத இடத்தில் நிற்கிறார் என்று கேளுங்கள். அவர் அங்கே நிற்பதால் ஒரு தடுப்பாட்டக்காரர் நடுவிலிருந்து விலகி அவர் பக்கம் வர வேண்டியிருக்கிறது. நடுவில் இடம் பிறக்கிறது. கோல் அந்த இடத்திலிருந்து வரும்.

மூன்று ஆட்டங்கள் இப்படிப் பார்த்தால் “ஒன்றுமே நடக்கவில்லை, 0-0” என்று நீங்கள் சொல்லவே மாட்டீர்கள்.

துணையைத் தேடுங்கள்

தனியாகக் கற்றுக்கொள்ள இந்த ஆட்டம் தோதானதல்ல. நல்லவேளையாகக் கொங்கு நாட்டில் துணைக்குப் பஞ்சமில்லை. கோவைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கால்பந்தைச் சோற்றோடு சேர்த்து உண்ணும் ஊர்கள். 2022-இல் கோழிக்கோட்டு மாவட்டத்துப் புல்லாவூரில் ஆற்றுக்கு நடுவே மெஸ்ஸி, நெய்மரின் பேருருவங்களை நிறுத்தியதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் பகிர்ந்தது. கோவையில் டீக்கடையும் பேக்கரியும் நடத்தும் மலையாளிகளிடம் பேச்சுக் கொடுங்கள். ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் இளம் வயதில் ஆடியவர்கள் அவர்களில் பலர். திருப்பூரிலும் பல்லடத்திலும் அவிநாசியிலும் வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பிரேசிலா அர்ஜென்டினாவா என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோகும் வீடுகள் அவர்களுடையவை. ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தும் பெயரைத் தவிர எதுவும் தெரியாதிருந்த மனிதரோடு நான் நட்பானது அந்த ஓர் இரவில்தான். நம் ஊருக்கு உழைக்க வந்தவர்கள் நமக்குச் சொல்லித்தரும் நிலையில் இருப்பது இங்கே ஒன்றில்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் வாய்விட்டுக் கேட்பது இதில்தான் எளிது.

தெருவில் பெரிய திரை கட்ட நினைப்பவர்கள் முதலில் காவல் நிலையத்தில் அனுமதி கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. பிள்ளைகள் படிக்கும், பெரியவர்கள் உறங்கும் தெரு அது. ஒலியைக் குறைத்துப் பார்க்கப் பழகினால் ஆட்டத்தைக் கண்ணால் வாசிக்கவும் வரும். பெண்களுக்கு நள்ளிரவு பேக்கரி ஒத்துவராது என்பது உண்மை. மொட்டைமாடி, விடுதிக் கூடம், உறவினர் வீடு என்று இடம் பார்த்து நான்கைந்து பேர் சேர்ந்துகொள்ளுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் மொட்டைமாடிதான் சுகம், ஒரு போர்வை மட்டும் வேண்டும்.

சட்டை வாங்க ஆசைப்பட்டால் திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை. பாலியஸ்டர் துணி வியர்வையை விரைவில் உலரவிடும், ஆடுவதற்கு அது. உட்கார்ந்து பார்ப்பதற்குப் பருத்திதான் உடம்புக்கு இதம். தையலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள், தோள்பட்டையில் பட்டி வைத்துத் தைத்திருந்தால் நாள்பட உழைக்கும்.

கோப்பை முடிந்தபிறகு

உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இடையில் ஐரோப்பியக் கோப்பை, தென்னமெரிக்காவின் கோப்பா அமெரிக்கா, ஆப்பிரிக்கக் கோப்பை, ஆசியக் கோப்பை வரும். 2024-இல் ஐரோப்பியக் கோப்பையை ஸ்பெயினும் கோப்பா அமெரிக்காவை அர்ஜென்டினாவும் வென்றன. 2027-இல் பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில். அதைத் தவறவிடாதீர்கள். பெண்கள் ஆட்டத்தில் இந்தியாவுக்கு நம்பிக்கை அதிகம் என்பது என் கணிப்பு. 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018, 2023 ஆண்டுகளில் தேசியப் பட்டத்தை வென்றிருக்கிறது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியிருக்கிறார்.

நமக்கென்று ஒரு நாளும் இருந்தது. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து ஐ-லீக் பட்டத்தைப் பிடித்தது. இந்திய லீக் கோப்பை ஒன்று கொங்கு மண்ணில் தூக்கப்பட்டது. ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் நான் போகவில்லை. அப்போது எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. அந்த இழப்பு உங்களுக்கு நேரக் கூடாது என்பதால்தான் கடைசியாக இதைச் சொல்கிறேன்.

ஞாயிறு காலையில் உங்கள் ஊரில் யார் ஆடுகிறார்கள் என்று விசாரியுங்கள். பள்ளி மைதானம், கல்லூரி மைதானம், புறவழிச்சாலை ஓரத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப், ஏதோ ஒன்று இருக்கும். போனதும் பக்கவாட்டில் நிற்காமல் கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். தொலைக்காட்சி காட்டாத ஒன்று அங்கே கேட்கும். கோல்கீப்பர் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்: “பின்னால் ஆள்!”, “ஏறு, ஏறு!”, “இடது பக்கம் காலி!” பந்து எங்கோ அந்தக் கோடியில் இருக்கும். அவர் அதைப் பார்த்துக் கத்தவில்லை.